சிறுபடம் மறைப்பது: கிம்ப் மென்பொருளின் முன்னோட்டம் குறித்து

ஏற்காட்டுக் கள ஆய்வில், சேர்வராயன் கோயிற்பகுதியில் மூடுபனியிடையே எடுத்த ஒளிப்படங்களைக் கிம்ப் மென்பொருளில் திறக்கும் ஆய்வாளர், கோப்புத் தெரிவுச் சாளரத்தின் சிறுபடங்களை நம்பியே தெரிவு செய்கிறார். அவற்றின் இயல்பான அளவு 128 படப்புள்ளிகள். 4000×3000 அளவுடைய படம் 128×96 ஆகச் சுருங்கும்போது, மூலத்தின் ஏறத்தாழ 977 புள்ளிகள் ஒரே புள்ளியாகின்றன. இச்சராசரியில் கைநடுக்கத்தால் நேர்ந்த மங்கல் கரைந்துவிடும்; பழுதான படமும் கூர்மையாகவே தோன்றும். பனியின் வெளிறலோ அப்படியே எஞ்சும். அஃதாவது, பெருமளவு திருத்தக்கூடிய குறை கண்ணில் படுகிறது. திருத்தற்கரிய குறை மறைகிறது. நல்ல படங்களை நீக்கிப் பழுதானவற்றைக் காக்கும் பிழை இங்குத்தான் பிறக்கிறது. அளவை 256 ஆக உயர்த்தினாலும் (விருப்பத்தேர்வுகளில் அவ்வசதி உண்டு) 244 புள்ளிகள் ஒன்றாகவே செய்யும். முழுப்படத்தின் அருகே, பயனர் சுட்டும் ஒரு பகுதியை மூல அளவிலேயே காட்டும் இரட்டை முன்னோட்டமே இங்கு வேண்டப்படுவது.