சீராகத் துடித்த இதயம்

'டேர்டெவில்' என்றதும் பூங்காவில் சீசா பலகை மேல் நடக்கும் சண்டையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பார்த்தது 2003 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்த 103 நிமிடப் படம். இயக்குநர் மார்க் ஸ்டீவன் ஜான்சனைக் குறை சொல்வதானால், 2004 கடைசியில் டிவிடியில் வந்த 133 நிமிட டைரக்டர்ஸ் கட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வதே நியாயம்.

கூடுதலாக வந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசும்போது ரத்தம் அதிகம், ஆர் சான்றிதழ் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ரத்தம் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் படத்தைக் காப்பாற்றுவது ரத்தம் அல்ல, ஒரு கொலை வழக்கு. ஒரு பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட டான்டே ஜாக்சனாக ராப் பாடகர் கூலியோ நடித்த கிளைக்கதை முழுவதையும் தியேட்டர் பிரதியில் வெட்டியிருந்தார்கள். அதோடு சேர்ந்து நாயகனின் நண்பன் ஃபாகி நெல்சனாக வரும் ஜான் ஃபாவ்ரோவின் பாதி வேலையும் போயிற்று. வில்லன் கிங்பின் எப்படி மாட்டுகிறான் என்பதற்கான காரணமும் போயிற்று.

அந்த வழக்கில் ஒரு காட்சிக்காகவே இந்தப் பதிப்பை வைத்திருக்கலாம். சாட்சிக் கூண்டில் ஒரு போலீஸ்காரர். டேர்டெவிலாக இரட்டை வாழ்க்கை வாழும் கண் தெரியாத வக்கீல் மேட் மர்டாக் அவருடைய நெஞ்சுக்குக் காது கொடுக்கிறான். பொய் சொன்னால் துடிப்பு தடுமாறும். இதை நம்பித்தான் அவன் வக்கீல் தொழிலே நடக்கிறது. இங்கே துடிப்பு தடுமாறவில்லை. ஒரே சீர். மேட் குழம்பிப்போகிறான். அந்த நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிகிறது. அவன் காது துல்லியமாகத்தான் கேட்டது. கேட்டதை வைத்து அவன் எடுத்த முடிவுதான் தப்பு.

காமிக்ஸ் படித்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று உடனே புரிந்திருக்கும். 1982-இல் ஃபிராங்க் மில்லரும் ரோஜர் மெக்கென்ஸியும் எழுதிய கதையில் ஹாக்மேன் என்ற போதைமருந்து வியாபாரி இதே பேஸ்மேக்கரால்தான் மேட்டை ஏமாற்றுவான். அங்கே குற்றவாளியை நிரபராதி என்று நம்பி மேட் அவனுக்காக வாதாடுகிறான். ஜான்சன் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். படத்தில் பொய் சொல்பவர் போலீஸ்காரர், சிக்கிக்கொள்பவன் நிரபராதி. மூலக்கதையை ஊன்றிப் படித்தவருக்குத்தான் இப்படி மாற்றத் தோன்றும். நாயகனின் பலமே அவனுக்குக் குழி பறிக்கும் இந்த இடத்தைத் தூக்கிவிட்டு, அவன் கூரை விட்டுக் கூரை தாவுவதை மட்டும் மிச்சம் வைத்தால் என்ன ஆகும்? 2003-இல் வந்தது போலத்தான் ஆகும்.

மழைக் காட்சியும் அப்படித்தான். மொட்டை மாடியில் துளிகள் விழ விழ, அந்தச் சத்தத்திலேயே காதலி எலெக்ட்ராவின் முகம் மேட்டுக்குத் தெரிகிறது: முதலில் நெற்றி, பிறகு கன்னம், பிறகு உதடு. இது இரண்டு பதிப்பிலும் உண்டு. தூரத்தில் ஆபத்து என்று காது சொல்லும்போது தியேட்டர் பிரதியின் மேட் அவளோடு தங்கிவிடுகிறான். படுக்கையறைக் காட்சி வருகிறது. டைரக்டர்ஸ் கட்டில் அவளை மழையில் விட்டுவிட்டுக் கிளம்புகிறான். மேட் எப்படிப்பட்டவன் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

2015-இல் வந்த டேர்டெவில் தொடரையும் அதில் மேட்டாக வந்த சார்லி காக்ஸையும் காட்டி, இந்தப் படத்தில் மேட்டாக நடித்த பென் அஃப்லெக் இனி எதற்கு என்பார்கள். காக்ஸ் அருமையான நடிகர். இரண்டாம் எபிசோடின் தாழ்வாரச் சண்டைக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த முதல் சீசனுக்கு 13 எபிசோடுகள் இருந்தன. ஜான்சன் தன் மேட்டை நமக்கு அறிமுகப்படுத்த ஒரு குளியலறைக் காட்சி போதுமென்று நினைத்தார்: ஷவருக்கடியில் தழும்பேறிய முதுகு, வாயிலிருந்து பிடுங்கிய ஒரு பல், கைநிறைய வலி மாத்திரை. வசனமே இல்லாத இந்த இடத்தில் அஃப்லெக் நடித்ததை அவருக்கு ஆகாதவர்களும் ஒருமுறை பார்க்க வேண்டும். காலின் ஃபாரலின் வில்லன் புல்ஸ்ஐ மட்டும் எந்தப் பதிப்பிலும் அடங்கவில்லை. கிங்பின்னாக வரும் மைக்கேல் கிளார்க் டங்கன் நாற்காலியை விட்டு எழுந்தாலே வரும் பயம், ஃபாரல் எவ்வளவு கத்தியும் வருவதில்லை.

இன்றைய சூப்பர் ஹீரோக்கள் வேலைக்குப் போவதே அபூர்வமாகிவிட்டது. காலையில் கோர்ட்டுக்குப் போய், காசு தர முடியாத கட்சிக்காரருக்காக வாதாடி, நண்பனிடம் திட்டு வாங்கும் ஒருவனை இப்போது பெரிய திரையில் தேடத்தான் வேண்டும். ஃபாவ்ரோவே 2008-இல் 'அயர்ன் மேன்' இயக்கி மார்வெலின் போக்கை மாற்றினார். அதில் ஹேப்பி ஹோகனாக வந்தும் போனார். ஃபாகியாக 133 நிமிடப் பதிப்பில் அவர் கோர்ட்டில் தட்டுத் தடுமாறி வழக்கைப் பிடித்துக்கொள்ளும் அழகுக்கு இடம் தரும் வேடம் அந்த வரிசையில் அவருக்குக் கிடைக்கவே இல்லை.