யாரிடம் கேட்ட கேள்வி? கனஃபானியின் பவுசர் சாரதி குறித்துச் சில குறிப்புகள்

கஸ்ஸான் கனஃபானியின் ‘வெயிலில் மனிதர்கள்’ குறுநாவலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதன் கடைசிக் கேள்வியே முதலில் வந்து நிற்கிறது. தண்ணீர் பவுசருக்குள் ஒளிந்திருந்து வெந்து செத்த மூன்று பேரையும் நோக்கி, ஏன் சுவரில் தட்டவில்லை என்று சாரதி கேட்கும் கேள்வி அது. சிலர் இதைச் சுலோகமாகவே ஆக்கிவிட்டார்கள். மௌனமாகச் சாவது அடிமைத்தனம், தட்டுவது எழுச்சி, ஆகவே தட்டுங்கள் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம். மேடைக்கு இது வசதியான பாடந்தான். ஆனால் கதையை ஆறுதலாகப் படிப்பவருக்கு வேறொன்று உறுத்த வேண்டும். இதைக் கேட்பவன் யார்? கேட்பதற்கு அவனுக்கு என்ன உரித்து?

என்னுடைய வாதம் இதுதான்: அந்தக் கேள்வி கதாசிரியரின் தீர்ப்பு அல்ல. செத்தவர்கள்மீது பாசமும், தன் வாழ்வின்மீது தீராத காழ்ப்பும், தாங்க முடியாத குற்ற உணர்வும் ஒன்றாய் முறுகிக்கொண்ட ஒரு மனிதனின் வாயிலிருந்து வருவது. குற்ற உணர்வு தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாதபோது கேள்வியாக மாறி, பதில் சொல்ல முடியாதவர்களைத் தேடிப் போகிறது. அதைச் சுலோகமாக்குகிற நாம் அந்தச் சாரதியின் ஆசனத்தில் போய் இருந்துகொள்கிறோம்.

கனஃபானி 1936இல் அக்கா நகரில் பிறந்தவர். 1948இல் குடும்பத்தோடு லெபனானுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் டமாஸ்கஸில் வளர்ந்தார். ஐ.நா. அகதிப் பாடசாலைகளில் படிப்பித்தார். 1950களின் நடுப்பகுதியில் குவைத்துக்கு வாத்தியாராகப் போனார். நீரிழிவு நோய் அங்குதான் கண்டுபிடிக்கப்பட்டது. 1960இல் பெய்ரூத் வந்தார். 1962இல், கையில் பத்திரங்கள் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டி வந்த காலத்தில் இந்தக் கதையை எழுதினார். 1963இல் நூலாயிற்று. 1972 யூலை 8ஆம் திகதி பெய்ரூத்தில் அவரது காரில் வைத்த குண்டு வெடித்து, சகோதரியின் மகளோடு இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அரபு தெரியாத எங்களுக்கு ஹிலரி கில்பற்றிக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பே வாசல்.

கதை எளிமையானது. பலஸ்தீனர் மூவர் ஈராக்கின் பஸ்ரா நகரில் வந்து சேர்கிறார்கள். எண்ணெய்ப் பணம் புழங்கும் குவைத்துக்குக் களவாக எல்லை கடக்க வேண்டும். அபு கைஸ் வயதானவர். ஊரும் ஒலிவ மரங்களும் போய்விட்டன என்பதை நம்பவே அவருக்குப் பத்து வருடம் பிடித்திருக்கிறது. அஸ்ஸத் இளைஞன், மகளைக் கட்டிக்கொடுக்கும் நினைப்போடு சிறிய தகப்பன் கொடுத்த 50 தினார் அவன் கழுத்தில் கயிறாகக் கிடக்கிறது. மூன்றாமவன் மர்வான், பதினாறு வயதுப் பையன். குவைத்திலிருந்த தமையன் கலியாணம் முடித்ததும் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டான். தகப்பன் தாயை விட்டுவிட்டு, சீமெந்துக் கூரை போட்ட சொந்த வீடு வைத்திருக்கும், ஒரு காலை இழந்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். தகப்பனை வெறுக்க வேண்டும் என்று மர்வானுக்குத் தெரிகிறது; வெறுக்க முடியவில்லை. புறப்படுமுன் அவரிடம் போய், அவர் தரும் காசையும் வாங்கிக்கொள்கிறான். வளைகுடாவிலிருந்து கடிதமும் காசும் நின்றுபோன வீடுகளை அறிந்த எங்கள் வாசகருக்கு இந்தப் பையனைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

இந்த மூவரையும் ஏற்றிச் செல்பவன்தான் அபுல் கைசுரான். கைசுரான் என்றால் பிரம்பு. உயர்ந்து மெலிந்து வளைந்து கொடுக்கும் உடம்பு அவனுக்கு. அவனும் பலஸ்தீனன். 1948 சண்டையில் குண்டு வெடித்துக் காயப்பட்டு, சத்திரசிகிச்சையின் பின் ஆண்மையை இழந்தவன். இப்போது ஹாஜி ரிதா என்ற குவைத்துச் செல்வந்தரின் பவுசரை ஓட்டுகிறான். முதலாளியின் பெயருக்குப் பயந்து எல்லையில் அதை ஒருவரும் சோதிப்பதில்லை. வெறும் தாங்கிக்குள் ஆட்களை இறக்கி மூடியைப் பூட்டி, ஏழு நிமிடத்துக்குள் காவலரணில் கையெழுத்து வாங்கி, அப்பால் போய்த் திறந்துவிடுவது அவன் போட்ட கணக்கு. காலம் ஓகஸ்ட் மாதம்.

பெரும்பாலான விமர்சனங்கள் இந்த மனிதனை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: 1948இல் தோற்றுப்போன அரபுத் தலைமையின் குறியீடு அவன், மலட்டுத் தலைமை மக்களை வெயிலில் சாகவிட்டது. பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் குறியீடு என்று சொல்லிவிட்டால் அவன் எங்களிலிருந்து பிரிந்துபோய்விடுகிறான். தலைமை வேறு, நாங்கள் வேறு என்று இருந்துவிடலாம். கனஃபானி அந்த வசதியை வாசகருக்குத் தரவில்லை என்பதே என் வாசிப்பு.

அவனுக்குப் பாசம் இருக்கிறது. மற்றவர்களிடம் 10 தினார் பேசியவன் மர்வானிடம் 5 தினாருக்குச் சம்மதிக்கிறான். அந்தப் பையனோடு கதைக்கும்போது குரல் இளகுகிறது. முதற் காவலரணான சஃப்வானைத் தாண்டியதும் தலைதெறிக்க ஓட்டிப் போய் மூடியைத் திறக்கிறான். காழ்ப்பும் இருக்கிறது. நாட்டுக்காக இழந்ததற்கு நாடு என்ன தந்தது என்ற கணக்கு அவனுக்குள் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இனி அவனுக்கு வேண்டியது காசு, அதன்பின் ஓய்வு. தான் ஏற்றிச் செல்பவர்களிடம் பாசம் வைத்துக்கொண்டே அவர்களை வைத்துச் சம்பாதிப்பவன். இதைப் போலித்தனம் என்று தள்ளுவது சுலபம். எங்களில் எத்தனை பேரை இப்படிப்பட்ட ஒருவன் ஏற்றி இறக்கினான் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சுலபம் போய்விடும்.

கதையின் திருகாணி இரண்டாவது காவலரணான முத்லாவில் இருக்கிறது. குளிரூட்டிய அலுவலகத்துக்குள் அபு பாக்கிர் என்ற அதிகாரி சாவகாசமாக இருக்கிறான். பஸ்ராவில் கௌகப் என்ற ஆட்டக்காரியோடு சாரதிக்குத் தொடர்பாம் என்று யாரோ சொன்ன கதையை வைத்துக் கிண்டல் பண்ணுகிறான். விபரம் சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். வெளியே இரும்பு கொதிக்கிறது. அபுல் கைசுரானுக்கு உண்மை தெரியும்: அவனுக்கும் எந்தப் பெண்ணுக்கும் அப்படியொரு தொடர்பு இருக்கவே முடியாது. தன் உடம்பில் என்ன நடந்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு அங்கேயே செத்திருக்கும். அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. இல்லாத ஆண்மையை இருப்பதாகப் பாவனை செய்து, அடுத்தமுறை அந்த ஆட்டக்காரியிடம் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வெளியே வருகிறான். ஏழு நிமிடக் கணக்கு அதற்குள் தவறிவிடுகிறது.

ஆகவே மூவரையும் கொன்றது வெயில் மட்டுமல்ல, அதிகாரியின் சோம்பல் மட்டுமல்ல. தன் காயத்தைப் பற்றிப் பேச முடியாத ஒருவனின் வெட்கமும் சேர்ந்துதான் கொன்றது. தாங்கிக்குள் இருந்தவர்கள் இரும்பில் தட்டவில்லை. அலுவலகத்துக்குள் நின்றவனும் தன் சுவரில் தட்டவில்லை. சத்தம் கேட்டால் பிடிபடுவோம் என்ற அதே விதிதான் இரண்டு இடத்திலும் ஆண்டது. இது அவனுக்கு உள்ளூரத் தெரியும். தெரிந்ததனால்தான் கேள்வியைத் தன்னிடம் கேட்காமல் அவர்களிடம் கேட்கிறான்.

சாவுக்குப் பின் அவன் செய்பவற்றையும் இப்படியே படிக்க வேண்டும். புதைக்க நினைக்கிறான், உடல் சோர்ந்துவிடுகிறது. யாராவது கண்டெடுத்து முறையாக அடக்கம் செய்யட்டும் என்று நகராட்சிக் குப்பைமேட்டில் கிடத்துகிறான். போனவன் திரும்பி வந்து அவர்களுடைய காசையும் மர்வானின் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறான். கிடத்தியதில் பாசம், எடுத்ததில் காழ்ப்பு என்று பிரித்து வைக்க முடியாது. இரண்டையும் செய்தது ஒரே கைகள். அதன் பிறகுதான் கேள்வி வெடிக்கிறது. கடிகாரத்தை எடுக்காதவனாக இருந்திருந்தால் அவ்வளவு உரத்துக் கேட்டிருப்பானா என்பது என் சந்தேகம்.

கதையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நாட்டை இழந்ததும் ஆண்மையை இழந்ததும் ஒன்று என்ற உருவகத்தில் கனஃபானி தயக்கமின்றிச் சாய்ந்துகொள்கிறார். கால் இழந்த பெண் ஒரு கூரையாக மட்டும் வருகிறாள். மர்வானின் தாய் கடிதம் பெறுபவள் மட்டுமே. கௌகப் கதைக்குள் வருவதே இல்லை. அவளுடைய பெயர் ஆண்களின் பகிடியாகி மூன்று பேரைக் கொல்கிறது. நாட்டை ஆண்மையாகப் பேசும் பழக்கம் எங்கள் போராட்டச் சுவரொட்டிகளிலும் நிறைய உண்டு. ஆனால் கதை தன் உருவகத்தைவிடக் கெட்டித்தனமானது. ஆண்மை பற்றிய அந்தப் பேச்சுத்தான் கொலைக் கருவி என்பதை முத்லா அலுவலகத்தில் கதையே காட்டிவிடுகிறது.

எகிப்திய இயக்குநர் தௌஃபீக் சாலே 1972இல் சிரியாவில் இதைப் படமாக்கினார். அதில் ஒரு பெரிய மாற்றம்: உள்ளே இருப்பவர்கள் தட்டுகிறார்கள். குளிரூட்டிகளின் இரைச்சலில் அது ஒருவருக்கும் கேட்பதில்லை. கதையின் அரசியலைத் திருத்திய மாற்றம் என்று பலர் இதைப் புகழ்வர். வரலாறு சாலேயின் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறது. 2015 ஓகஸ்டில் ஒஸ்திரியாவின் பார்ண்டோர்ஃப் அருகே நெடுஞ்சாலையோரம் விடப்பட்ட குளிர்பதன லொறிக்குள் 71 பேர் இறந்து கிடந்தார்கள். அவர்கள் தட்டினார்கள், கத்தினார்கள். சாரதிக்கு அது கேட்டது. திறக்காதே என்று தொலைபேசியில் உத்தரவு வந்தது. ஹங்கேரிப் பொலிஸ் பதிவு செய்து வைத்திருந்த உரையாடல்கள் பின்னர் நீதிமன்றத்தில் இதைச் சொல்லின. அதே ஹங்கேரியில் 1995 யூலையில் ஒரு லொறிப் பெட்டிக்குள் இலங்கையர் 18 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். எங்கள் ஆட்கள். அவர்கள் தட்டினார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இருந்தும் நான் நாவலை விட்டுக்கொடுக்க மாட்டேன். படம் செத்தவர்களுக்கு நியாயம் செய்கிறது. நாவல் உயிரோடிருப்பவனைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. அவர்கள் தட்டியிருந்தால் குற்றம் கேட்காதவர்களுடையது என்று முடிந்துவிடும். தட்டாதபடியால், மௌனத்துக்கு யார் அவர்களைப் பழக்கினார்கள் என்ற விசாரணை தொடங்குகிறது.

இந்த நாட்டில் வெயிலைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. ஜூன் 15 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி மட்டும் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. அகதி என்ற சொல்லுக்குத்தான் சட்டத்தில் இடமில்லை. அமீரகமோ குவைத்தோ 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. விசா இருக்கும் வரைதான் இருப்பு. நான் வேலை செய்யும் சார்ஜாத் தொழிற்சாலையில், சாப்பாட்டு நேரத்தில், இந்தக் கதையை எனக்குத் தெரிந்த உருதுவில் சொன்னேன். மலப்புறத்துக்காரர் ஒருவர் தமையன் காசை நிறுத்திய இடத்திலேயே நின்றுவிட்டார். அதற்குமேல் அவருக்குக் கதை தேவைப்படவில்லை. பெஷாவரைச் சேர்ந்த லொறிச் சாரதி ஒருவர் கடைசிவரை கேட்டார். ஏன் தட்டவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவன் மறுநாள் வண்டியை எடுத்தானா என்று கேட்டார்.

விரிவுரை மண்டபத்தில் எழாத கேள்வி அது. எடுத்திருப்பான் என்பதே நேர்மையான பதில். பவுசர் முதலாளியுடையது; வேலை அதனோடுதான். பஸ்ராவில் வேறு மூவர் காத்துக்கொண்டிருப்பர். குற்ற உணர்வு ஒருவனை வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது கதைகளில்தான். நடைமுறையில் அது அவனோடு முன் ஆசனத்தில் ஏறி இருந்துகொள்ளும்.

2009 மே மாதத்துக்குப் பின் எங்கள் கூட்டங்களிலும் ஏடுகளிலும் ஒரு கேள்வி அடிக்கடி வந்தது. முள்ளிவாய்க்காலில் அகப்பட்ட சனம் ஏன் முன்னரே வெளியேறவில்லை, ஏன் எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை என்று ஒரு பகுதியார் கேட்டார்கள். ஏன் கடைசிவரை நின்று போராடவில்லை என்று இன்னொரு பகுதியார் கேட்டார்கள். அரசியலில் எதிரெதிராக நின்ற இருவரும் கேள்வியை அனுப்பிய முகவரி ஒன்றுதான். கேட்டவர்களுக்குப் பாசம் இல்லையென்று நான் சொல்லவில்லை. பாசம் இருந்தது, தங்களுக்கு நேர்ந்ததன்மீதான காழ்ப்பும் இருந்தது, தாங்கள் தப்பி இருக்கிறோம் என்ற குற்ற உணர்வு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதனால்தான் கேள்வி அவ்வளவு உரத்து வந்தது. அந்தச் சனம் தட்டியது. றேடியோவில், தொலைபேசியில், கடைசி நாட்கள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டவர்களில் நாங்களும் உண்டு.

கனஃபானி தன் சாரதியை மன்னிக்கவில்லை, தூக்கிலிடவும் இல்லை. குப்பைமேட்டருகே தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவிட்டுப் போய்விட்டார். அவனை வெறுமனே துரோகி என்றோ மலட்டுத் தலைமை என்றோ பெயரிட்டு நாங்கள் வீடு திரும்பிவிட முடியாது. எங்கள் புலம்பெயர் எழுத்தில் ஏஜென்சிக்காரன் பெரும்பாலும் கள்ளனாகவே வருகிறான். அவனும் அதே ஊரை, சில வேளை அதே காயத்தைச் சுமந்தவன் என்று எழுதப்பட்ட கதை எனக்குக் கிடைக்கவில்லை. அப்படியொன்றை எழுத முன்வருகிறவர் முத்லா அலுவலகத்திலிருந்து தொடங்கலாம். அங்கே ஒருவன் குளிருக்குள் நின்று சிரித்துக்கொண்டு, வெளியே நிமிடங்கள் போவதை எண்ணிக்கொண்டிருக்கிறான். வாய் திறக்க வேண்டியிருந்தவன் அவன்தான்.