கீழே என்றொரு திசை

‘சூப்பர் மாரியோ கேலக்ஸி’யில் (2007) மாரியோ விண்வெளியில் முதன்முதலாகக் கண் விழிப்பது ஒரு குட்டிக் கோளின் மேல். புல் மூடிய பச்சை உருண்டை. மூன்று முயல்கள் வந்து ஓடிப்பிடித்து விளையாடக் கூப்பிடும். துரத்துவோம். முயல் அடிவானத்தைத் தாண்டி மறையும், நாமும் தாண்டுவோம். சில நொடிகளில் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்போம். பாதி வழியில் கவனித்தால் மாரியோ உருண்டையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஓடிக்கொண்டிருப்பான். விழமாட்டான். முதல் தடவை ஆடியபோது நான் முயலை மறந்துவிட்டு வெறுமனே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

இதுல என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பிளாட்ஃபார்ம் கேம் என்ற வகையே விழும் பயத்தின் மேல் கட்டியது. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். காளானைத் தின்று பெரிதாகிவிட்டால் எதிரியிடம் ஒரு அடி தாங்கலாம். பள்ளத்திடம் அந்தச் சலுகை கிடையாது. சின்ன மாரியோ, பெரிய மாரியோ, நட்சத்திரம் பிடித்து மின்னிக்கொண்டு ஓடும் மாரியோ, யாராக இருந்தாலும் குழிக்குள் போனால் ஒரு உயிர் காலி. குதிப்பதற்கு ருசி தருவதே அந்தக் குழிதான். அப்படிப்பட்ட ஆளை மேல், கீழ் இரண்டும் இல்லாத விண்வெளிக்குக் கூட்டிப்போனால் அவன் எதற்காகக் குதிப்பான்? மாரியோ தொடர் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. அதில் ஒன்று மட்டும் என்னை விடவே இல்லை.

முதலில் 1992க்குப் போய்விட்டு வருவோம். கேம் பாயில் வந்த ‘சூப்பர் மாரியோ லேண்ட் 2’. அதில் விண்வெளிக்குப் போகும் வழியே அழகு: ராக்கெட் எல்லாம் கிடையாது, நீர்யானை ஊதும் குமிழிக்குள் ஏறிப் போகவேண்டும். போய்ச் சேர்ந்ததும் மாரியோவுக்கு விண்வெளி உடை, மெதுவாக நீளும் குதிப்பு. அடுத்த லெவலில் தரையையும் மறந்துவிட்டு, பட்டனை அமுக்கி அமுக்கி நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கிறோம். கடைசியில் 1989இன் முதல் ‘மாரியோ லேண்ட்’டில் தோற்றுப்போன வில்லன் டட்டாங்கா காத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கை ஏற்கெனவே பழகின அசைவு இது, தண்ணீர் லெவலில் நீந்தும் அதே அசைவு. விண்வெளி என்பது கறுப்பு வெள்ளையில் இன்னொரு கடல். கீழே என்ற திசை அங்கே பத்திரமாக இருக்கிறது, கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது, அவ்வளவுதான்.

‘கேலக்ஸி’ திசையிலேயே கை வைத்தது. ஒவ்வொரு கோளுக்கும் அதனதன் கீழே. இதன் பின்னால் கவித்துவத்தை விடவும் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது. 1996இன் ‘மாரியோ 64’ முதல் முப்பரிமாண மாரியோவின் தலைவலி கேமராதான். எங்கே பார்ப்பது, எவ்வளவு தூரத்தில் தரை இருக்கிறது, எப்போது திரும்புவது என்று புரியாமலேயே பலர் விட்டுவிட்டார்கள். உருண்டையில் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. சுவர் கிடையாது, மூலை கிடையாது, நேராகப் போய்க்கொண்டே இருந்தால் போதும், விட்டுவந்த இடம் தானாகவே முன்னால் வரும். இயக்குநர் யோஷியாகி கொய்ஸுமியின் குழு பொறியியலாகக் கண்டுபிடித்ததை நான் வேறு மாதிரி அனுபவித்தேன். இந்த உலகத்தில் தொலைந்துபோக முடியாது. வீட்டுக்குத் திரும்ப வழி தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நடந்தால் போதும்.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா லெவலும் இப்படி இல்லை. தேனீ உடை போட்டுக்கொண்டு பறக்கும் லெவலில் பெரும்பகுதி சாதாரணத் தோட்டம்தான், விண்வெளி பின்னால் தொங்கும் திரைச்சீலை. மிதக்கும் பலகைகள் வரும் இடங்களில் பழைய குழி அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. பெயர் மட்டும் கருந்துளை. விழுந்தால் மாரியோ சுழன்று சுழன்று சின்னப் புள்ளியாகி உள்ளே போவான், அலறலோடு. அந்தச் சாவு இந்த விளையாட்டின் கலகலப்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குக் கொடூரமாக இருக்கும். நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், குழந்தைகள் கேம்தானேடா என்று. எனக்கென்னவோ அங்கேதான் விளையாட்டு தன் மனசைக் காட்டிவிடுகிறது என்று தோன்றும். எதிலிருந்தும் திரும்பி வரலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் உலகத்தில், திரும்ப முடியாத இடம் ஒன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில் ரோசலினாவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வால்மீனின் மேல் கட்டிய ஒரு விண்ணோக்ககம்தான் இந்த விளையாட்டின் வீடு. அதன் சொந்தக்காரி ரோசலினா, உயரமான, அதிகம் பேசாத பெண். சுற்றிலும் லூமாக்கள் என்னும் குட்டி நட்சத்திரங்கள் அவளை அம்மா என்று கூப்பிட்டபடி மிதக்கும். அங்கே ஒரு நூலகம் உண்டு. நாம் முன்னேற முன்னேற அவள் அதில் ஒரு படக்கதையை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் காட்டுவாள். போகாமலேயே விளையாட்டை முடித்துவிடலாம், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். அம்மாவைத் தேடும் ஒரு லூமாவைச் சிறுமி ஒருத்தி சந்திக்கிறாள். இருவரும் துருப்பிடித்த விண்கலத்தைச் சரிசெய்து, தொலைநோக்கி, முயல் பொம்மை, ரொட்டி, பால், ஜாம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். லூமாவின் அம்மாவைத் தேடும் பயணம். வெகு நாள் கழித்துத் தொலைநோக்கியில் தன் சொந்தக் கோளைப் பார்க்கிறாள். குன்று தெரிகிறது, குன்றின் மேல் மரம் தெரிகிறது. அப்போதுதான் அவள் உடைந்து அழுகிறாள். அவளுடைய அம்மா அந்த மரத்தடியில்தான் உறங்குகிறாள். அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும்.

மரணம் என்ற சொல் வருவதில்லை. வரத் தேவையும் இல்லை. கட்டைவிரலால் இத்தனை உருண்டைகளைச் சுற்றி வந்த பிறகு அந்தப் பக்கத்தைப் படிக்கிறோம். நடந்துகொண்டே இருந்தால் திரும்ப வந்துவிடலாம் என்று கை முழுசாக நம்பிவிட்ட நேரம் அது. அந்தப் பெண்ணால் மட்டும் முடியவில்லை. சொல்லப்போனால் அவளும் சுற்றித்தான் வருகிறாள். அவளுடைய வால்மீன் நூறு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கோளின் பக்கம் வரும். விளையாட்டின் தொடக்கத்தில் காளான் ராஜ்ஜியத்து மக்கள் விளக்கேற்றிக் கொண்டாடும் நட்சத்திரத் திருவிழாவும் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதான். இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் நம்மிடம் அடித்துச் சொல்வதில்லை. கீழே பட்டாசும் பாட்டும், மேலே ஒருத்தி அம்மாவின் மரத்தைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறாள். திருவிழாக் காட்சியை இரண்டாவது முறை பார்த்தபோது எனக்கு அந்த உற்சாக இசை ஒட்டவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. வழியில் பசியோடு நிற்கும் லூமாக்கள் வரும். நட்சத்திரத் துணுக்குகளை ஊட்டினால் அது வீங்கி, குதித்து, தூரத்தில் போய் வெடித்துப் புதிய கோளாக மாறும். அதன் மேல் ஏறி அடுத்த நட்சத்திரத்தைத் தேடுவோம். முதலில் இது வேடிக்கையான கதவு மாதிரிதான் இருந்தது: காசு போடு, திறக்கும். லூமாக்கள் வளர்ந்தால் கோளாகவோ வால்மீனாகவோ மாறுவதுதான் அவற்றின் விதி என்று தெரிந்தபின் அப்படிப் பார்க்க முடியவில்லை. நாம் காலை ஊன்றிக் குதிக்கும் தரை, ரோசலினா வளர்த்து அனுப்பிய பிள்ளையாகவும் இருக்கலாம். பிளாட்ஃபார்ம் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு கனத்தை வேறு எந்த விளையாட்டும் ஏற்றி நான் பார்த்ததில்லை.

இந்தக் கதை உள்ளே வந்த விதமும் சுவாரஸ்யம்தான். மாரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவுக்கு மாரியோவில் கதை அதிகம் இருப்பது பிடிக்காது. கொய்ஸுமியோ 1993இன் ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ காலத்திலிருந்தே கதையை நைசாக உள்ளே கடத்திப் பழகியவர். ரோசலினாவின் புத்தகத்தை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, இரவில் உட்கார்ந்து எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2010இல் ‘கேலக்ஸி 2’ வந்தபோது மியாமோட்டோவின் பக்கம்தான் ஜெயித்தது. நூலகம் இல்லை, விண்ணோக்ககத்துக்குப் பதில் மாரியோ முகம் மாதிரி ஒரு கப்பல், ரோசலினா கடைசியில் தலை காட்டிவிட்டுப் போகிறாள். லெவல்களாக மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். யோஷி இருக்கிறான், யோசனைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன, சலிப்பூட்டும் இடம் அநேகமாக இல்லை. ஆனால் அதில் உருண்டையைச் சுற்றி வந்தால் உருண்டையைச் சுற்றி வந்ததுதான். 2025இல் இரண்டையும் ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தபோது முதல் விளையாட்டின் புத்தகத்துக்குப் புதிய அத்தியாயம் சேர்த்தார்கள், இரண்டாவதுக்கும் ஒரு படக்கதை கொடுத்தார்கள். எதை எடுத்தது தப்பு என்று நிண்டெண்டோவுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

‘மாரியோ ஒடிஸி’யில் (2017) நிலவு வருகிறது. பவுசர் அங்கே பீச்சுக்குத் தாலி கட்டாத குறையாகக் கல்யாண ஏற்பாடு செய்துகொண்டிருப்பான், நாம் போய் நிறுத்தவேண்டும். அவசரமான கட்டம். ஆனால் நிலவில் ஈர்ப்பு குறைவு என்பதால் ஒவ்வொரு குதிப்பும் பஞ்சு மாதிரி ஏறி, தாமதித்து, இறங்குகிறது. ஓட நினைத்தாலும் வேகம் வராது. இசையும் மெதுவாகத்தான் போகும். கேமராவைத் திருப்பினால் வானத்தில் பூமி, நீலமாக, முழு உருண்டையாக. அங்கிருந்து பார்த்தால் குன்றும் தெரியாது, மரமும் தெரியாது. கல்யாணத்தை மறந்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.