குகை வாசலும் இருட்டறையும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றில் கணக்கெழுதும் நண்பர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை இழந்துவிட்டார். "ஹாக்கர் உள்ள பூந்துட்டான் சார்" என்றார். விசாரித்ததில், தொலைபேசியில் ஒருவன் நயமாகப் பேச, இவர் தமக்கு வந்த ஆறிலக்க எண்ணைப் படித்துக் காட்டியிருக்கிறார். யாரும் எங்கும் புகவில்லை. ஆனால் நண்பரின் மனதில் இருப்பது இருட்டறை, முக்காடு போட்ட இளைஞன், பச்சை எழுத்துக்கள் ஓடும் திரை. தினசரிகள் இத்தகைய செய்திகளோடு போடும் படமும் பெரும்பாலும் இதுதான்.

ஸினிமா இதை இன்னும் கெட்டிப்படுத்தியிருக்கிறது. 2018இல் வந்த 'இரும்புத்திரை' சாமான்யமான படமல்ல என்பது என் அபிப்பிராயம். கடன் வாங்கித் தரும் தரகர்கள் வழியாக ஜனங்களின் விவரங்கள் கைமாறுவதை அது கண்டுகொண்டிருக்கிறது. கண்டுகொண்ட பிறகு பயந்துவிட்டது போலும். தரகர்களை விட்டுவிட்டு, எல்லாம் வல்ல ஒரு வில்லனை, அர்ஜுன் உருவத்தில், கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. அவனை விஷால் அடித்தால் தீர்ந்தது. தரகர்களை யார் அடிப்பது?

இதைவிட உண்மைக்கு அருகில் வந்த படம் இந்த மலையின் அடிவாரத்திலேயே உருவாயிற்று. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது, ஸ்டூடியோ போய்விட்டது. 1956இல் அந்த ஸ்தாபனம் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' நினைவிருக்கும். குகையை யாரும் உடைக்கவில்லை. விறகுவெட்டி ஒளிந்திருந்து மந்திரச் சொல்லைக் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். சொல்லை மறந்த காசிம் உள்ளே மாட்டிக்கொண்டான். கடவுச்சொல்லின் சரித்திரம் முழுவதும் இதில் அடக்கம். அப்போது ஒட்டுக்கேட்டவனுக்காகக் கைதட்டினோம். அவன் எம்.ஜி.ஆர். என்பது மட்டும் காரணமல்ல. குகைக்குள் இருந்தது யாருடைய பொருள் என்று நமக்குத் தெரிந்திருந்தது.

அதே ஐம்பதுகளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொம்மை ரயில் சங்கத்து மாணவர்களிடையே 'ஹாக்' என்ற சொல் புழங்கிற்று. மின்கம்பிகளைக் குடைந்து பார்க்கும் விளையாட்டுக்குப் பெயர் அது. திருட்டு வாடை அதில் இல்லை. குடைந்து பார்ப்பவனும் திருடுபவனும் ஒரே முக்காட்டுக்குள் பிறகுதான் திணிக்கப்பட்டார்கள்.

இதற்கு விலை உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், வெளிநாட்டு நிபுணர்கள் இருவருடன் சேர்ந்து, மின்னணு ஓட்டு இயந்திரத்தை எப்படி ஏமாற்றலாம் என்று 2010இல் செய்து காட்டினார். அதே ஆகஸ்டில் கைதானார். இயந்திரத்தைத் திருடியதாக வழக்கு. அவர் சொன்னது சரியா தப்பா என்ற விவாதம் வேறு. ஓட்டையைச் சுட்டிக் காட்டியவனைத் திருடனாகப் பார்க்க ஜனங்கள் முன்பே பழகியிருந்தார்கள் என்பதே என் கவலை.

நண்பர் இப்போது செல்போனின் காமிராக் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். நான் மலையிறங்கிய பஸ்ஸில் முன் ஸீட்டுக்காரர் யாரிடமோ தம் கார்டு எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, அடுத்த கொண்டை ஊசி வளைவில் மறுபடியும் சொன்னார். நான் விறகுவெட்டியின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.