மெலட்டூர் பாகவத மேளா: பாடமும் உச்சரிப்பும்

தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நிகழ்த்தப்பெறும் பாகவத மேளா, ஆடவரே பெண் வேடமும் புனையும் இசை நாடக மரபாகும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியின் ‘பிரகலாத சரித்திரம்’ முதலிய நாடகங்கள் தெலுங்கில் அமைந்தவை. அவையோரிற் பெரும்பாலோர் தமிழர். கதை முன்பே தெரியுமாதலின் மொழி தடையன்று என அமைதி கூறுவதுண்டு. மொழியியலார்க்கு அது போதாது.

தெலுங்கில் ‘பாட்ட’ என்பது பாடல். அதன் முதலெழுத்து ஒலிப்புடையதானால் ‘வழி’ என்னும் வேறு சொல்லாகிவிடும். தமிழெழுத்தில் இரண்டிற்கும் பகரம் ஒன்றே. இனி ஒற்றை டகரமாக எழுதிவிட்டாலோ, இடையில் நிற்கும் வல்லெழுத்தைத் தமிழ் நா தானே மெலிவித்துவிடும். அகர ஆகாரங்களின் முன் தெலுங்குச் சகரம் பெறும் பல்லொலியையும் தமிழெழுத்துக் காட்டாது. எனவே தமிழெழுத்தை மட்டும் நம்பிப் பாடம் செய்வோர்க்குக் குருவின் வாய்மொழியே காப்பு. தருக்களில் நெடில் குறிலைத் தாளம் ஓரளவு காத்துவிடும். உரைநடையான வசனத்திற்கு அக்காப்பும் இல்லை. (பெங்களூர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர், கன்னடமும் தெலுங்கும் நாளும் செவிப்படுதலால், எழுத்துக் காட்டாத இவ்வேறுபாட்டைக் காதால் எளிதில் உணர்வர்.)

ஐரோப்பிய பரோக் இசை நாடகம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. வில்லியம் கிறிஸ்டி 1979இல் பாரிசில் நிறுவிய ‘லே ஆர் ஃப்ளோரிசான்’ குழு, லுல்லியின் ‘அதீஸ்’ (1676) நாடகத்தை 1987இல் மீண்டும் மேடையேற்றிப் பிரெஞ்சு வசனத்தின் ஓசைக்கு உயிரூட்டியது. லுல்லி ஃப்ளாரன்சில் பிறந்த இத்தாலியர் என்பதும் நினைக்கத்தக்கது. 2008இல் அவரது ‘காத்மூஸ் ஏ எர்மியோன்’, பதினேழாம் நூற்றாண்டு உச்சரிப்பை மீட்டமைத்தே பாடப்பெற்றது. அறுந்த மரபை அவர்கள் ஏடுகளிலிருந்து மீட்டனர். மெலட்டூரிலோ பாடுவோர் இன்றும் உளர். ஆயினும் அந்நுணுக்கம் இங்குக் கைக்கொள்ளப்பெறவில்லை எனில் அது குறையே.

இதனால் மெலட்டூர்த் தெலுங்கை ஆந்திர வழக்கிற்கேற்பத் திருத்துக என்பது கருத்தன்று. தமிழ் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்கிய தெலுங்கு, தானே ஓர் ஆவணம். பொருள் மாறுமிடத்து மட்டுமே திருத்தம் தகும்; ஏனையவை உள்ளவாறே பதிவு பெறவேண்டும். ஒலிப்பதிவோடு தெலுங்கெழுத்திற் பாடமும், ஒலிக்குறியீட்டில் நடிகர் கூற்றும் இணைதல் இன்றியமையாதது. தமிழ் மொழிபெயர்ப்பைத் தனியே அச்சிட்டு அவையோர்க்கு வழங்கலாம். தருவையே தமிழாக்கிப் பாடப் புகுந்தால் எதுகையும் தாளமும் ஒருங்கே சிதையும்.