குவாய்ப் பாலமும் களனிக் கரையும்: ரசனை பற்றிச் சில குறிப்புகள்

கித்துல்கலையின் மலையிடுக்கினூடே பாய்ந்து வரும் களனி கங்கை, கொழும்பின் வடக்கே, ஹெந்தளைக்கு அண்மையில் கடலோடு கலக்கிறது. அந்நதியின் மேற்பகுதியில் உலகப் புகழ் பெற்ற திரைப்படம் ஒன்று உருவாயிற்று. அதன் கழிமுகத்துக்கு அருகே, ஹெந்தளையில், இந்நாட்டுப் படங்கள் பல உருவான விஜயா ஸ்டூடியோ இருந்தது. முன்னது இன்றும் புதுமெருகோடு உலகெங்கும் திரையிடப்படுகிறது. பின்னது 1983 யூலையில் எரிக்கப்பட்டது. பழைய படங்களை ரசிப்பது பற்றி நம்மிடையே நடந்துவரும் விவாதத்தை இவ்விரண்டையும் முன்வைத்தே ஆராய விரும்புகிறோம்.

நமது இளைஞர் சிலர் பழைய ஹொலிவூட் படங்களையும், அவற்றின் சுவரொட்டிகளையும், கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களையும், அக்காலத்து ஆடை அணிகளின் வடிவமைப்பையும் தேடித் தேடிச் சுவைக்கின்றனர். இதைக் கண்டு முகஞ் சுளிக்கும் தோழர்கள் உளர். ஏகாதிபத்தியத்தின் சரக்கு நமக்கெதற்கு என்பது அவர்கள் கட்சி. அழகு அழகே, அதில் அரசியலைக் கலக்காதீர் என்பது மறுசாராரின் வாதம். இரு சாராரோடும் நாம் உடன்படுவதற்கில்லை.

டேவிட் லீன் நெறிப்படுத்தி 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கிழிந்த பாதணிகளோடு, சீழ்க்கையடித்தவாறு அணிவகுத்து வரும் கைதிகளை மறக்க முடியுமா? எதிரிக்காகக் கட்டும் பாலத்தையே தன் கௌரவமாகக் கருதிவிட்ட கேணல் நிக்கல்சன், தான் செய்தது இன்னதென்று இறுதிக் கணத்தில் உணரும் காட்சியில் அலெக் கின்னஸின் முகம் நம்மை உலுக்குகிறது. தன் உழைப்பு யாருக்குப் பயன்படுகிறது என்று கேளாத மனிதனின் துன்பியல் அது. உழைக்கும் மக்களின் பக்கம் நிற்பவர்கள் இதை ரசிக்கக் கூடாதென்றால், எதைத்தான் ரசிப்பது?

ஆனால் ரசிகனின் வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை. 1942இலும் 1943இலும் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீள ரயில் பாதையில் மாண்டவர்கள் யார்? நேச நாட்டுக் கைதிகளில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மடிந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மடிந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். கைதிகளின் கல்லறைகளில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்க் கூலிகளின் சாவுக்கோ சரியான கணக்குக்கூட இல்லை. படத்தின் கதையிலும் அவர்களுக்கு இடமில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வாழும் நாட்டில் வைத்தே அப்படம் எடுக்கப்பட்டது என்பதை எண்ணும்போது, இந்த இருட்டடிப்பு மேலும் உறுத்துகிறது.

மறைக்கப்பட்டோர் அவர்கள் மட்டுமல்லர். அதன் திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனும் இடதுசாரிகள் என்பதால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தவர்கள். எனவே திரையில் அவர்கள் பெயர் இல்லை. 1958இல் அத்திரைக்கதைக்கான ஒஸ்கார் விருது, மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலின் பெயரில் வழங்கப்பட்டது. உரியவர்களுக்கு அவ்விருது சேர்ந்தபோது இருவருமே உயிரோடில்லை. ஹொலிவூட் என்பது முதலாளிகளின் கூடாரம் மட்டுமன்று, உழைப்பும் சுரண்டலும் மோதிய களமும் அதுவே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அதை முற்றாக ஒதுக்குவோர் போர்மனையும் வில்சனையும் இரண்டாம் முறை ஒதுக்குகிறார்கள்.

மூன்றாண்டுகள் முன்னதாக வந்த ‘எலிபன்ட் வோக்’ வேறு வகையானது. பரமவுண்ட் நிறுவனத்தார் இதற்காக 1953இல் இலங்கைக்கு வந்தனர். நாயகியாக நடிக்க வந்த விவியன் லீ நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை நிரப்பினார். தொலைக்காட்சிகள் சிலவற்றில் இன்றும் தெரிபவர் விவியன் லீயே என்பதை ரசிகர்கள் சுவையோடு சொல்வார்கள். நாமும் அதைச் சுவையோடுதான் கேட்கிறோம். ஆயின் நமக்கு வேறொரு கேள்வியும் எழுகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டு, மறு ஆண்டில் வாக்குரிமையும் இழந்திருந்த வேளை அது. தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட இப்படத்தில் துரையின் பங்களாவும், துரைசானியின் ஆடைகளும், யானைகளின் சீற்றமும் விரிவாகக் காட்டப்படுகின்றன. கொழுந்து பறிக்கும் கரங்களோ வண்ணப் பின்னணியாகவே நின்றுவிடுகின்றன. சட்டம் அவர்களுக்குச் செய்ததையே கமெராவும் செய்தது.

கமெரா எப்போதும் இப்படித்தான் என்று கொள்வது தவறு. பசில் ரைட் 1934இல் ஆக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ விவரணப் படம் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுக்கப்பட்டது. அதன் வர்ணனைக் குரல் நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டினுடையது. எனினும், உழைப்பாளிகளின் உருவங்களின் மேல் வர்த்தகச் சந்தையின் குரல்களை ஒலிக்க விட்டு, உழைப்புக்கும் வாணிபத்துக்கும் உள்ள உறவைப் பார்வையாளன் சிந்திக்குமாறு செய்தார் ரைட். பணம் தந்தவனின் நோக்கத்தையும் கலைஞன் கடக்க முடியும்.

கற்றவனும் கடக்க முடியும். கித்துல்கலைப் படப்பிடிப்பில் உதவியாளராக வேலை செய்த இளைஞர் காமினி பொன்சேகா, பின்னர் சிங்களத் திரையின் தலைசிறந்த நடிகரானார். சுனில் ஆரியரத்ன நெறிப்படுத்திய ‘சருங்கலே’ (1979) படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், இனவெறியின் கொடுமைக்கு ஆளாகும் நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞர். அந்நியரிடம் கற்ற தொழில், அயலவனின் துயரைச் சொல்லப் பயன்பட்டது.

இனி ஹெந்தளைக்கு வருவோம். விஜயா ஸ்டூடியோவை நடத்தியவர் கே. குணரத்தினம் என்ற தமிழர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘சந்தேசய’ (1960) படத்தைத் தயாரித்தவரும் அவரே. தமிழரின் முதலும் சிங்களக் கலைஞரின் திறனும், இரு மொழித் தொழிலாளரின் வியர்வையும் கலந்த இடம் அது. 1983இல் வைக்கப்பட்ட தீ தமிழரின் சொத்தை அழிப்பதற்கென்றே வைக்கப்பட்டது. ஆனால் அதில் எரிந்த சுருள்கள் சிங்களப் படங்களின் சுருள்கள்! சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழரும் அதே யூலையில் கொல்லப்பட்டார். இனவெறி தன் இனத்தின் கலையையும் சேர்த்தே கொளுத்துகிறது என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

ஆகவே, பழைமையை ரசிக்கும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. எந்தப் பழைமை பாதுகாக்கப்படுகிறது, எது சாம்பலாயிற்று என்று கேளுங்கள். பணபலம் உள்ள நிறுவனத்தின் படம் இலக்கமுறையில் புத்துயிர் பெறுகிறது. நம்முடைய படங்களுக்கோ மூலச்சுருள்கூட மிஞ்சுவதில்லை. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய புகைப்படங்கள், பாட்டுப் புத்தகங்கள், திரைப்பட விளம்பரத் துண்டுகள் யாவும் நமது வரலாறு. அவற்றைச் சேகரிப்பதும் ரசனையின் கடமையே.

ஆசிரியர்களே, குவாய்ப் பாலத்தை மாணவர்க்குக் காட்டுங்கள். கின்னஸின் நடிப்பை அவர்கள் வியக்கட்டும். படம் முடிந்து விளக்கேற்றிய பின், அப்பாதையில் மாண்ட மலாயாத் தமிழரைப் பற்றியும் சொல்லுங்கள். அன்றைய பாடம் அப்போதுதான் நிறைவு பெறும்.