நகல் திரையில் தொலையும் புள்ளி

“கேபிளைச் செருகு, விண்டோஸ் விசையோடு ‘பி’யை அழுத்து, படம் வந்துடும்.” இரண்டு திரை பற்றி நம் ஆசிரியர்களிடையே கைமாறும் விளக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான். படம் வரும், சரி. தமிழ் வருகிறதா?

அந்த விசையை அழுத்தினால் நான்கு தெரிவுகள் கிடைக்கும். நம் கை பழக்கத்தில் போவது ‘டூப்ளிகேட்’டுக்கு, அதாவது நகலுக்கு. மடிக்கணினி 1920 × 1080, பழைய புரொஜெக்டர் 1024 × 768 என்றால் இரண்டும் ஒரே படத்தைக் காட்ட வேண்டும். ஏதாவது ஒன்று தன் இயல்பான அளவை விட்டுக்கொடுக்கும். எழுத்து மங்கும்.

ஆங்கிலச் சொல் கொஞ்சம் மங்கினாலும் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் அந்தச் சலுகை இல்லை. ‘கல்’ புள்ளியை இழந்தால் ‘கல’. நேரசை நிரையசை ஆகிவிட்டது. ‘கேடு’ என்பதன் இரட்டைக் கொம்பு ஒற்றையாகத் தெரிந்தால் ‘கெடு’. நேர் நேர் இருந்த இடத்தில் ஒரே நிரை. பின்வரிசை மாணவன் தப்பாக அசை பிரிக்கிறான் என்றால், அவனைக் கடிந்துகொள்ளும் முன் திரையைப் பாருங்கள்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. கணிதம், அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் தொடங்கியபோதுதான் மடிக்கணினியும் எல்.சி.டி. புரொஜெக்டரும் நம் பள்ளிகளுக்குப் பரவலாக வந்தன. படமும் சூத்திரமும் காட்டத்தான் அவை வந்தன. புள்ளிக்கும் கொம்புக்கும் என்ன தேவை என்று அப்போது யார் யோசித்தார்கள்? பின்னால் அதே கருவியைத் தமிழ் வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்த நாமும் யோசிக்கவில்லை.

‘எக்ஸ்டெண்ட்’, அதாவது நீட்டிப்பு, இதைத் தீர்க்கிறது. ஒவ்வொரு திரைக்கும் அதனதன் அளவு. சுவரில் கருத்துணர்தல் பகுதி, உங்கள் முன்னால் விடைப்பட்டி. நகல் முறையில் விடைப்பட்டியைத் திறந்தால் வகுப்பே எழுதிக்கொள்ளும் (மாணவர்கள் இதில் மட்டும் படுவேகம்). 2020இன் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இயங்கலையில் டியூஷன் நடத்துவோருக்கும் இதே பாடம்: முழுத் திரையைப் பகிராமல் ஒரு சாளரத்தை மட்டும் பகிருங்கள்.

நீட்டிப்பைப் பலர் கைவிடுவதற்குக் காரணம் சின்னச் சின்னத் தொல்லைகள். சுட்டி வலப்பக்கம் போகாவிட்டால், ‘டிஸ்ப்ளே’ அமைப்பில் 1, 2 என்ற பெட்டிகளை இழுத்து உண்மையான இடத்துக்கு மாற்றுங்கள். சாளரம் கண்ணில் படாவிட்டால் விண்டோஸ், ஷிப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அடுத்த திரைக்குத் தாவும். எச்.டி.எம்.ஐ. செருகியதும் மடிக்கணினியில் ஒலி நின்றால் அது புரொஜெக்டருக்குப் போயிருக்கும். ஒலி வெளியீட்டை மாற்றினால் போதும்.

மாற்றி வாங்குவதில்தான் காசு வீணாகிறது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது வேறு, வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தலைகீழாக வேலை செய்யாது. லோயாட் பிளாசா கடையில் “மடிக்கணினியில் இது, புரொஜெக்டரில் அது” என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். ‘டைப் சி’ துளை எல்லாமே படத்தை அனுப்பாது. சில மின்னேற்றவும் கோப்பு மாற்றவும் மட்டும்தான்.

பாடம் தொடங்குமுன் ‘கல், கல, கெடு, கேடு’ என்று 24 புள்ளி அளவில் தட்டச்சு செய்து, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பாருங்கள். பிரித்துப் படிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது வெண்பலகையில் எழுதுங்கள்.